வெறுங்கையோடு மதகடிப்பட்டு வரை

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் பள்ளிக்கூடம். அதற்கப்புறம் பேனா பிடித்ததெல்லாம் எங்கேயாவது கையெழுத்துப் போடத்தான். ஒற்றெழுத்து எங்கே வரும், எங்கே வராது என்று இன்றைக்கும் குழப்பம். நினைவும் முன்னே மாதிரி இல்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் போய் நிற்கிற வயது. முன்னே பின்னே சொல்லிவிட்டால் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் பேசவும் எனக்கு வராது. அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போது எதிரே யாரும் இல்லை.

எழுத வைத்தது ஒரு பேச்சு. போன பொங்கலுக்கு வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். புதுச்சேரி கடற்கரையில் ஒரு நாள், வெள்ளைக்காரத் தெருக்களில் ஒரு நாள், போட்டோ எடுத்துக்கொண்டே இருந்தார்கள். பாகூர் ஏரிப் பக்கமும் ஒரு நடை வாருங்களேன் என்றேன். "அங்க பாக்க இன்னா பெரீம்மா இருக்குது?" என்று ஒரு பெண் சிரித்தாள். அவளுடைய மாமனார், "முன்னல்லாம் நல்லா இருந்துது. இப்ப எல்லாம் பாழாப் போச்சு" என்றார். ஒருத்தி ஒன்றுமே இல்லை என்கிறாள், இன்னொருத்தர் இருந்ததெல்லாம் போய்விட்டது என்கிறார். இரண்டு பேரும் காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வந்தவர்கள். இரண்டும் பொய். அங்கேயே சொல்லியிருக்க வேண்டும், வாய் வரவில்லை. இங்கே சொல்கிறேன்.

நான் பிறந்தது வில்லியனூருக்குச் சற்று முன்னால் இருக்கிற ஒரு சின்ன ஊரில். வாழ்க்கைப்பட்டது பாகூர் ஏரிக்குக் கீழே. இரண்டு வீட்டிலும் சொந்த நிலம் கிடையாது. அடுத்தவர் வயலில் நடுவோம், களை எடுப்போம், அறுப்போம்.

நடவு நட்டவர்களுக்குத் தெரியும். குனிந்தால் தெரிவது சேறும் உங்கள் கையும்தான். இடுப்பு நோகிறதே என்று நிமிர்ந்தால் ஏரி தெரியும். மழை முடிந்த மாதங்களில் கரை தளும்ப நிற்கும். நாரை, கொக்கு, தாரா எல்லாம் எங்கிருந்தோ வந்து இறங்கியிருக்கும். ஒரு கூட்டம் எழுந்தால், ஈர வேட்டியை இரண்டு பேர் பிடித்து உதறின மாதிரி சத்தம் வரும். பின்னால் பனைமரம் வரிசை. அதற்கும் பின்னால் வானம் தண்ணீர் நிறத்தில் இருக்கும், எது எது என்று தெரியாது. இதையெல்லாம் ஒரு மூச்சு பார்ப்பதற்குள் வரப்பிலிருந்து குரல் வரும்.

"ஏரியில இன்னா சினிமாவா ஓட்றான்? குனிம்மே."

பக்கத்தில் நடுகிறவள் எனக்காகப் பதில் சொல்வாள். "அவ கண்ணுல சேறு பட்டுச்சுபா, தொடைச்சிக்கறா."

பார்க்கிறேன் என்று சொன்னால் ஏச்சு. கண்ணில் சேறு என்று சொன்னால் சரி. எங்கள் பக்கத்தில் பெண் எதற்கும் ஒரு காரணம் வைத்திருக்க வேண்டும். அந்தக் காரணம் கையில் தெரிய வேண்டும். குடமோ, அரிவாளோ, கூடையோ, குழந்தையோ எதையாவது பிடித்துக்கொண்டிருந்தால் தெருவில் ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். வெறுங்கையோடு நடந்தால்தான் கேள்வி வரும்.

என் வீட்டுக்காரர் புதுச்சேரி டவுனில் ஒரு மில்லில் வேலை செய்தார். அவரோடு வேலை செய்கிற ஒருவர் மூலக்குளத்துக்காரர். சாப்பிடும்போது அவர் சொன்ன சேதியெல்லாம் இவர் சொல்வார். "மூலக்குளத்துல மாடி வூடு எழும்புதாம். ரோட்டு மேலயே கடை போட்டுட்டாங்களாம். முள்ளுக் காடா கெடந்த எடத்துல மனைக்கல்லு நட்டுக்கினு இருக்காங்களாம்." நான் குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்பேன். அது என் பிறந்த வீட்டுக்குப் போகிற வழி. அந்த வழியில் நான் எத்தனையோ முறை போயிருக்கிறேன். கல்யாணத்துக்கு, சாவுக்கு, பிரசவத்துக்கு. மடியில் குழந்தை இருக்கும், காலடியில் அரிசி மூட்டை இருக்கும், கண்ணுக்கு முன்னால் நிற்கிறவர்களின் முதுகு இருக்கும். யோசித்துப் பார்த்தால், என் மண்ணை நான் ஒரு தடவைகூட முழுதாகப் பார்த்ததில்லை. ஜன்னல் ஓரத்தில், வெறும் மடியோடு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று மனசில் விழுந்துவிட்டது.

வருஷம் எழுபத்திரண்டோ எழுபத்திமூன்றோ, அது சரியாக நினைவில்லை. மார்கழி முடிகிற சமயம். களை எடுப்பு முடிந்து அறுப்புக்கு இன்னும் நாள் இருந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள், அவர் காலை ஷிப்டுக்குப் போய்விட்டார். சோறு வடித்து மூடி வைத்தேன். முட்டை விற்ற காசை முந்தானையில் முடிந்துகொண்டு கிளம்பினேன். மாமியார் வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார்.

"எங்கடி?"

"பஸ்ஸுக்கு அத்தை."

"யார் வராங்க?"

"யாரும் வரல."

அவர் முறத்தைத் தட்டினார். இன்னும் வந்து சேராத யாரையோ எதிர்பார்த்துப் போகிறேன் என்று அவராக நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. நான் சொன்னது நிஜம்தான்.

பாகூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. அன்றைக்குப் பார்த்ததை இன்றைக்கும் என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். கன்னியக்கோயில் ரோட்டில் சவுக்குத் தோப்பு, அதற்குள்ளே வெயில் கம்பி கம்பியாக இறங்கியிருந்தது. சுண்ணாம்பாற்றுப் பாலத்தில் உப்புக் காற்று முகத்தில் அடித்தது. கீழே ஒருவர் இடுப்புத் தண்ணீரில் நின்று வலையை வீசினார். அது வட்டமாக விரிந்து விழுவதற்குள் பஸ் பாலத்தைத் தாண்டிவிட்டது. திரும்பிப் பார்த்தேன். எந்த அவசரமும் இல்லாமல் திரும்பிப் பார்ப்பது எவ்வளவு சுகம் என்று அப்போதுதான் தெரிந்தது.

டவுனில் இறங்கி மதகடிப்பட்டு பஸ் மாறினேன். கண்டக்டர் டிக்கெட் கேட்டார்.

"எங்கம்மா?"

"கடைசி வரைக்கும்."

"கடைசின்னா மதகடிப்பட்டு. யார் வூட்டுக்கு?"

"யார் வூட்டுக்கும் இல்ல. போயிட்டு இதே பஸ்ஸுல திரும்பணும்."

அவர் டிக்கெட்டைக் கிழிக்காமல் என்னைப் பார்த்தார். "இன்னிக்கு சந்தை. மாடு புடிக்கப் போறியா?"

பஸ்ஸே சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டேன். ஆனால் இறங்கவில்லை.

மூலக்குளம் வந்தது. என் வீட்டுக்காரர் சொன்ன மாடி வீடு நின்றது. முழுசாக முடியவில்லை, மேலே கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. பூசாத செங்கல் சுவர் காலை வெயிலில் பழுத்த பழம் மாதிரி இருந்தது. சித்தாள் பெண்கள் தலையில் சட்டியோடு சாரத்தில் ஏறினார்கள். சுற்றிலும் செம்மண், முள், மனைக்கல், ஒரு வெற்றிலைபாக்குக் கடை, அதன் மேல் புதிதாக எழுதின பெயர்ப்பலகை. எனக்கு அது அழகாக இருந்தது. ஒரு ஊர் பிறப்பதை எத்தனை பேருக்குப் பார்க்கக் கிடைக்கும்?

அங்கேதான் என் பிறந்த ஊர்ப் பால்காரர் காலி கேன்களோடு ஏறினார். சின்ன வயதிலிருந்து என்னைத் தெரிந்தவர். செம்மண் தூசி கண்ணில் விழுந்து எனக்குத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"இன்னா பொண்ணு, தனியா வர?"

"சும்மாதான் அண்ணே."

"கையில ஒரு பைகூட இல்ல. அழுவுறியா?"

"இல்லண்ணே, மண்ணு."

ரயில்வே கேட் தாண்டி என் பிறந்த ஊர் நிறுத்தம் வந்தது. அவர் இறங்கி நின்று என்னைக் கூப்பிட்டார். "எறங்கலியா?" நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். "மதகடிப்பட்டுக்கு அண்ணே." கேன்களைக் கீழே வைத்துவிட்டு அவர் பஸ்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வில்லியனூர்க் கோபுரத்தைப் பார்த்தேன், கோயிலுக்குள் போகாமல். ஆற்றுப்பாலம் வந்தது. அகலமான மணல், அதில் தண்ணீர் மூன்று நான்கு பிரியாகப் பிரிந்து ஓடியது. சலவைத் துணிகளை மணலில் விரித்திருந்தார்கள், சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக. சின்ன வயதில் அந்த ஆற்றில்தான் குளித்து வளர்ந்தேன். மேலிருந்து பார்த்தது அன்றைக்குத்தான். அதற்கப்புறம் கரும்பு, திருபுவனைப் பக்கத்து வயல்களில் பழுக்க ஆரம்பித்த நெல், பிறகு மதகடிப்பட்டு.

பொங்கலுக்கு முந்தின சந்தை. மாடுகள் ரோடு வரைக்கும் நின்றன. கொம்புக்குப் பூசுகிற சாயம், சலங்கை, மூக்கணாங்கயிறு என்று தரையெல்லாம் கடை. கூட்டத்துக்கு ஒதுங்கி ஒரு டீக்கடை ஓரமாக நின்றேன். அங்கே ஒரு கிழவர், "இந்தியாவுல இதே மாடு வெல கொறவு" என்று பேரம் பேசிக்கொண்டிருந்தார். பிரெஞ்சுக்காரன் இருந்த காலத்தில் அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற புதுச்சேரி எல்லையைத் தாண்டுவதை எங்கள் ஆட்கள் 'இந்தியாவுக்குப் போறேன்' என்பார்கள். வெள்ளைக்காரன் போய் எத்தனையோ வருஷம் ஆகியும் அவர் வாயில் அது போகவில்லை. டீக்கடைக்காரர் மனைவி என்னைக் கவனித்துவிட்டு உள்ளே இருந்த பலகையில் உட்கார வைத்தார். டீயைக் கையில் கொடுத்துவிட்டுக் காதருகே குனிந்தார்.

"வூட்டுல அடிச்சானா?"

"ஐய, இல்லக்கா. பாக்க வந்தேன்."

"சொல்ல இஷ்டமில்லன்னா போ. டீய குடி."

அவர் என் பேச்சை நம்பவே இல்லை. ஆனாலும் காசு வாங்கவில்லை. அடிபட்டவள் என்று நினைத்து ஒருத்தி காட்டின இரக்கத்தை, அடிபடாத நான் குடித்தேன்.

அந்த பஸ் கிளம்ப நேரம் ஆனது. சந்தைக் கூட்டம், டவுனில் காத்திருப்பு, எல்லாம் முடிந்து பாகூரில் இறங்கி ஏரிக்கரை வழியாக நடந்தபோது பொழுது சாய்கிற நேரம். நாரைகள் கருவேல மரங்களில் வந்து அடைந்துகொண்டிருந்தன. நிறைந்த மனசோடு தெருவுக்குள் நுழைந்தேன். எங்கள் வீட்டு முன்னால் கூட்டம். சுவரில் என் அண்ணனின் சைக்கிள்.

நடந்தது இதுதான். பால்காரர் நேராக என் பிறந்த வீட்டுக்குப் போய், உன் தங்கச்சி அழுதுகொண்டே வெறுங்கையோடு எல்லைப் பக்கம் போகிறாள், அம்மா வீட்டில்கூட இறங்கவில்லை என்று சொல்லியிருக்கிறார். அண்ணன் மங்கலம், ஏம்பலம் வழியாக சைக்கிளை மிதித்துக்கொண்டு எனக்கு முன்னால் வந்துவிட்டார். ஷிப்டு முடிந்து வந்த என் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தூக்கைக்கூடக் கீழே வைக்காமல் நின்றார். ஊர் நாட்டாமை ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"என் தங்கச்சிய இன்னா பண்ண?" என்று அண்ணன் என் வீட்டுக்காரரின் சட்டையைப் பிடிக்கிற நேரத்தில்தான் நான் போய் நின்றேன். எல்லோரும் திரும்பினார்கள்.

நாட்டாமை கேட்டார். "பயப்படாம சொல்லும்மா. இவன் அடிச்சானா?"

"இல்ல மாமா."

"மாமியாக் கொடுமையா?"

"இல்ல."

"கேட்டுக்கோங்க நல்லா," என்றார் மாமியார்.

"அப்ப எதுக்கும்மா போன?"

"பாக்கப் போனேன்."

"யாரை?"

எங்கள் பேச்சில் அப்படித்தான். பார்க்கப் போனேன் என்றால் 'யாரை' என்றுதான் கேட்பார்கள். 'எதை' என்று கேட்க யாருக்கும் தோன்றாது. அந்த ஒரு சொல்லில் என் குடும்பமே நின்றது. என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார்.

"யாரையும் இல்ல. ஊரை."

"எந்த ஊரை?"

"எல்லா ஊரையும். பஸ்ஸுல உக்காந்து."

யாரோ சிரித்தார்கள். நாட்டாமை சிரிக்கவில்லை. மாமியார்தான் கெட்டிக்காரர். சட்டென்று எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். "அட, வேண்டுதல் இருந்துதுபா. புள்ளைக்கு உடம்பு முடியாதப்ப வில்லியனூரு கோயிலுக்கு வேண்டிக்கிட்டா. அதுக்குத்தான் போயிருப்பா. கூச்சத்துல சொல்லத் தெரியல." என் முழங்கையைக் கிள்ளினார். கதவைத் திறந்துவிட்டார். ஆமாம் என்று சொன்னால் போதும். கோயிலுக்குப் போனவளை யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. நாட்டாமையும் அதற்காகவே காத்திருந்தவர் போல, "கோயிலுக்குத்தானேம்மா?" என்றார்.

எனக்கு அப்போது ஒன்று தோன்றியது. இன்றைக்கு ஆமாம் என்று சொன்னால், இனிமேல் ஒவ்வொரு தடவையும் ஒரு கோயில் வேண்டும். சாமியை என் கூடை மாதிரி, குடம் மாதிரி தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். கோயில் ஒன்றும் இல்லாத இடத்துக்கு நான் போகவே முடியாது.

"கோயிலுக்குப் போவல மாமா. கோபுரத்தை பஸ்ஸுல இருந்து பாத்தேன். பாக்கத்தான் போனேன்."

மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். "பொய் சொல்லக்கூட துப்பில்லாத கழுதை."

நாட்டாமைக்கு முகம் மாறியது. "சரி. இனிமே ஆம்பளத் துணை இல்லாம பஸ்ஸு ஏறக் கூடாது. புரிஞ்சிதா?"

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "ஏறுவேன்."

என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ஆனால் முன்னால் நின்றவர்களுக்குக் கேட்டிருக்கிறது. அண்ணன் கையை ஓங்கினார். அந்த நேரத்தில் என் வீட்டுக்காரர், ஏதோ சாப்பாட்டு நேரத்துப் பேச்சு மாதிரி கேட்டார்.

"மூலக்குளத்துல அந்த மாடி வூடு முடிச்சிட்டானா?"

"இன்னும் இல்ல. மேல கம்பி நீட்டிக்கினு நிக்குது. பூச்சு இல்ல."

"அப்ப அந்த மூலக்குளத்துக்காரன் பீலா வுட்டுக்கினு இருந்தான். முடிஞ்சிடுச்சின்னான்." தூக்கை என் கையில் கொடுத்தார். "வா, பசிக்குது."

கூட்டத்தில் ஒருவர் ஆற்றில் தண்ணீர் போகிறதா என்று கேட்டார். போகிறது என்றேன். அவ்வளவுதான். எல்லோரும் மனம் மாறினார்கள் என்று எழுதினால் பொய். நாட்டாமை தன் பேச்சைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அண்ணன் தண்ணீர்கூடக் குடிக்காமல் சைக்கிளை எடுத்தார். அந்த வருஷம் என் பிறந்த வீட்டிலிருந்து பொங்கல் சீர் வரவில்லை. தெருவில் எல்லார் வீட்டுக்கும் கரும்பும் வெல்லமும் வந்து இறங்கியபோது நான் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். அது வலித்தது. அதற்காக, போகாமல் இருந்திருக்கலாம் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

அறுப்பு முடிந்ததும் மறுபடி கிளம்பினேன். மாமியார் ஒரு மஞ்சள் பையை நீட்டினார். "இதையாவது எடுத்துக்கினு போடி. பாக்கறவங்க ஏதாவது வேலைன்னு நெனைச்சிப்பாங்க." காலிப் பை. அவர் எனக்குச் செய்த உதவிதான் அது, தெரியும். நான் அதை ஆணியில் மாட்டிவிட்டுப் போனேன். பஸ் நிற்கிற இடத்தில் நாட்டாமை இருந்தார். என்னைப் பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் ஏறினேன்.

அதன் பிறகு எத்தனையோ முறை. மூலக்குளம் வீடு வீடாகச் சேர்ந்து, கடையாக, வண்டியாக, சத்தமாக ஆனதை நான் தவணை தவணையாகப் பார்த்தேன். சேதராப்பட்டில் தொழிற்சாலைகள் வந்த பிறகு அங்கேயும் ஒரு நாள் போனேன். ஷிப்டு விட்ட நேரம். பெண் பிள்ளைகள் கும்பலாக வந்து பஸ் ஏறி, "நவுரு ஆயா" என்று என்னை இடித்துக்கொண்டு ஜன்னல் ஓரத்தைப் பிடித்தார்கள். ஒருத்தி சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. பை இருக்கிறதே. அந்தப் பையும் இல்லாமல் அவள் ஒரு நாள் ஏற வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

வயலெல்லாம் வீடாகிவிட்டது என்று அழுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அவர்கள் பெரும்பாலும் அந்த வயலில் குனிந்தவர்கள் இல்லை. நான் குனிந்தேன். வயலின் பச்சையும் எனக்குத் தெரியும், அந்தப் பச்சைக்குள் நின்ற இடுப்பு வலியும் தெரியும். எங்கள் ஆட்கள் அந்த வீடுகளில் கொத்தனார் ஆனார்கள், கடை வைத்தார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். அந்த ஊர்களும் அழகுதான். ஏரியும் இருக்கிறது. மழைக்கு அப்புறம் நாரை வருகிறது. வந்து நின்று பார்க்காதவர்கள், அங்கே ஒன்றும் இல்லை என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

இதைப் படிக்கிறவர்களில் அந்தக் கால பஸ்களைத் தெரிந்தவர்கள் இருந்தால் ஒரு உதவி. பாகூர் பஸ் அப்போது கன்னியக்கோயில் வழியாகத்தான் போனதா, சந்தை என்ன கிழமை, என் பிறந்த ஊர் நிறுத்தம் ரயில்வே கேட்டுக்கு முன்னாலா பின்னாலா, வருஷம் எழுபத்திரண்டா மூன்றா, இதையெல்லாம் சரிபார்த்துத் தப்பு இருந்தால் திருத்திவிடுங்கள். எழுத்துப் பிழையையும் திருத்துங்கள். நான் போனதற்கு மட்டும் காரணம் ஒன்றும் சேர்க்க வேண்டாம்.